சேலத்தில் சைக்கிளும் ஃபிளை தூண்டிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தூண்டில் கோலை மாட்ட ஆரம்பித்தால், பத்து நிமிடத்துக்குள் யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள். மாடு ஓட்டிப் போகிறவர், நடைப்பயிற்சிக்கு வந்தவர், பள்ளிப் பையன்கள். ஏற்காடு மலைப்பாதையில் டீ குடிக்க நின்றாலும் இப்படித்தான். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு வருடமாக அவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தருகிறேன். நான் பயிற்சியாளர் அல்ல, போட்டிகளில் கலந்துகொள்கிறவனும் அல்ல. ஓய்வு நாளில் இந்த மலையையும் இதன் தண்ணீரையும் சுற்றி வருகிறவன், அவ்வளவுதான்.

ஏனுங்க, இது என்ன தூண்டில்? புழுவும் இல்ல, தக்கையும் இல்ல, சாட்டை மாதிரி சுத்துறீங்க?

இதற்குப் பெயர் ஃபிளை ஃபிஷிங். நமக்குப் பழக்கமான தூண்டிலில் எடை முழுவதும் முள் பக்கம் இருக்கும். ஈயக்குண்டும் புழுவும்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழும். இதில் நுனியில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய ஒரு சின்ன முள், அதுதான் ஃபிளை. ஊதினால் பறந்துவிடும், அதைக் கையால் எறிய முடியாது. அதனால் எடையை லைனிலேயே வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த லைன் அது. 5-ம் எண் லைன் என்றால் அதன் முதல் 30 அடி சுமார் 9 கிராம் எடை இருக்கும். கோலை முன்னும் பின்னும் வீசும்போது அந்த லைன் காற்றில் சுருண்டு, விரிந்து, கடைசியில் முள்ளைத் தண்ணீர் மேல் மெதுவாக வைத்துவிட்டு அடங்கும்.

லைனுக்கும் முள்ளுக்கும் நடுவே ஒன்பது அடி அளவுக்கு மெல்லிய தங்கூசி நரம்பு உண்டு. தடித்த லைன் மீனின் கண்ணில் படாமல் இருக்க அது. பூச்சி ஒன்று தானாக வந்து விழுந்ததாக மீன் நம்ப வேண்டும். மற்றதெல்லாம் அந்த ஒரு நொடிக்கான ஏற்பாடுதான்.

ஏற்காட்டுல ட்ரவுட் மீன் இருக்குதா? ஊட்டியில இருக்குன்னு சொல்றாங்களே?

ஏற்காட்டில் இல்லை. ட்ரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். நீலகிரியில் இருப்பதுகூட அந்த மண்ணின் மீன் அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் பல முயற்சிகள் தோற்று, கடைசியில் 1907 வாக்கில் எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் ட்ரவுட் அங்கே நிலைத்தது. அது 2,000 மீட்டர் உயரத்தை ஒட்டிய ஓடைகளின் கதை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர்தான். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியே 1,620 மீட்டரைச் சுற்றித்தான். நம் மலை இதமான மலை, ட்ரவுட்டுக்கு வேண்டிய குளிர் இங்கே கிடையாது.

ஃபிளை தூண்டில் என்றாலே ட்ரவுட்தான் என்று நினைத்துப் பலர் ஆசையை விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பூச்சி தின்கிற மீன், சின்ன மீன் தின்கிற மீன் எல்லாமே ஃபிளைக்கு வரும். அப்படிப்பட்ட மீன்கள் நம் ஏரிகளில் நிறைய.

அப்புறம் இங்க என்னதான் மாட்டும்?

முதலில் ஜிலேபி. திலேப்பியா என்று புத்தகத்தில் இருக்கும். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன், இன்றைக்கு அது இல்லாத குட்டை இல்லை. ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில் தட்டு வைத்ததுபோல் வட்ட வட்டக் குழிகள் தெரிந்தால் அது ஜிலேபியின் கூடு. பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல மீன் கிடையாது. சின்ன முள்ளில் கட்டிய புழு போன்ற ஃபிளையை மெதுவாகத் தரையை ஒட்டி இழுத்தால் போதும். அடுத்தது கெண்டை வகைகள். சாயங்காலம் தண்ணீர் மேல் வட்டம் வட்டமாக எழும்பி விழுமே, அவைதான். மிதக்கும் ஃபிளையைக் கண்ணெதிரே வந்து எடுக்கும்.

விரால்தான் ராஜா. தாமரை இலை ஓரம், கோரைப் புல் நடுவே, அசையாமல் நிற்கும். காற்றை நேராகச் சுவாசிக்கும் மீன் என்பதால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துவிட்டுப் போகும். அந்தச் சத்தம் ஒருமுறை காதில் பட்டால் மறக்காது. 'ப்ளக்' என்று, பாட்டிலில் அடைப்பானைப் பிடுங்கினதுபோல. அந்த இடத்துக்கு இரண்டடி தள்ளித் தவளை மாதிரி மிதக்கும் ஃபிளையை வைத்து, அலை அடங்கும் வரை பொறுத்து, லேசாக ஒரே ஒரு இழு. நான் பிடித்த முதல் விராலுக்கு முன்னால் பதினோரு ஞாயிறு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.

கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் பெரும்பாலும் ஏரியில் யாரோ காசு போட்டு விட்ட மீன்கள். அவற்றைப் பற்றி ஏரி அனுமதி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இதுக்கெல்லாம் ரொம்ப செலவாகும்ல?

வெளிநாட்டுச் சாமான் படங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நம் மீன்களுக்கு 5 அல்லது 6-ம் எண் லைனுக்கு ஏற்ற, ஒன்பது அடி நீளத்தில், நான்கு துண்டாகக் கழற்றக்கூடிய கோல் ஒன்று போதும். ரீலுக்குப் பணம் கொட்டாதீர்கள். ஜிலேபியும் கெண்டையும் ரீலில் இருந்து நரம்பை உருவிக்கொண்டு ஓடப் போவதில்லை. ரீல் இங்கே லைனைச் சுற்றி வைக்கும் உருளைதான். காசு செலவு செய்ய வேண்டிய ஒரே பொருள் லைன். மட்டமான லைனைப் போட்டால் விலை உயர்ந்த கோலும் வீசாது. வெயிலில் தண்ணீருக்குள் பார்க்க உதவும் போலராய்டு கண்ணாடியும் வாங்கிக்கொள்ளுங்கள். அது கண்ணுக்குள் முள் பாயாமலும் காக்கும். கண்ணாடி போடாமல் நான் வீசுவதே இல்லை.

வீசறதுக்கு யாருகிட்ட கத்துக்கறது? இங்க யாரும் சொல்லித்தர மாட்டாங்களே?

தண்ணீரே வேண்டாம். பக்கத்துப் பள்ளி மைதானம் போதும். முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு தினம் இருபது நிமிடம் வீசுங்கள். எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: கோலைப் பின்னால் முழுக்கச் சாய்த்துவிடுவது. கடிகார முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் பத்து மணி, பின்னால் ஒரு மணி. அந்த இரண்டு இடத்திலும் கோல் டக்கென்று நிற்க வேண்டும். நின்றால்தான் லைன் விரியும். பின்னால் லைன் முழுதும் நீளும்வரை ஒரு கணம் பொறுக்க வேண்டும். திரும்பிப் பாருங்கள், தப்பில்லை. பலம் தேவையில்லை. பத்து வயதுப் பெண் ஒருத்தி அரை மணி நேரத்தில் வீசக் கற்றுக்கொண்டதை நேரில் பார்த்தேன். அவளைவிட அவள் அப்பாவுக்குத்தான் நேரம் ஆனது, அவர் தோள் பலத்தால் வீசினார்.

நம் ஏரிக்கரைகளில் பின்னால் சீமைக் கருவேல மரம் நிற்கும். முதல் வருடம் என் ஃபிளைகளில் பாதி அந்த முள்ளில்தான் தொங்கின. அங்கே பின்னால் வீசாமலே போடும் ரோல் காஸ்ட் என்ற முறை உதவும். லைனைத் தண்ணீர் மேலேயே மெதுவாக இழுத்து, கோலைக் காது வரை கொண்டுவந்து நிறுத்தி, சுத்தியல் அடிப்பதுபோல் முன்னால் தட்டினால் லைன் உருண்டு போய் விரியும். இதற்குத் தண்ணீரின் பிடிப்பு வேண்டும் என்பதால் மைதானத்தில் சரியாக வராது.

ஃபிளை எல்லாம் நீங்களே கட்டறதா? நெசமாவா?

ஆமாம். வாங்கினால் கட்டுப்படியாகாது என்பது ஒரு காரணம். கட்டுவதில் இருக்கும் நிம்மதி இன்னொரு காரணம், எனக்கு அதுதான் பெரியது. முள்ளைச் சின்ன வைஸில் கவ்வவைத்து, தையல் நூலால் கழுத்திலிருந்து வளைவு வரை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவேன். கறிக்கடையில் கேட்டு வாங்கிய நாட்டுச் சேவலின் கழுத்து இறகு ஒன்றை அங்கே வைத்து இரண்டு சுற்று. பிறகு அந்த இறகையே மேல்நோக்கிச் சுருட்டினால் அதன் மயிர்கள் பூச்சியின் கால் மாதிரி எல்லாப் பக்கமும் குத்திட்டு நிற்கும். கடைசியில் முடிச்சு, அதன் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு. எட்டு நிமிட வேலை.

விராலுக்கான மிதக்கும் ஃபிளைக்குப் பழைய ஹவாய் செருப்பு ரப்பர் அருமையாக மிதக்கும். பிளேடால் நிலக்கடலை அளவுக்கு வெட்டி, முகத்தைத் தட்டையாக்கி, முள்ளில் ஒட்டினால் இழுக்கும்போது தண்ணீரைத் துப்பிக்கொண்டு வரும். மயில் இறகு வேண்டாம். மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சேவல் இருக்கும்போது அந்தச் சிக்கல் எதற்கு?

முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீன் வாயிலிருந்தும் எளிதாக வரும், உங்கள் விரலிலிருந்தும் எளிதாக வரும்.

எந்த ஏரியில வேணாலும் போய்ப் பிடிக்கலாமா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஏரி பொதுச் சொத்தாக இருந்தாலும் மீன்பிடி உரிமை பெரும்பாலும் ஏலத்தில் போயிருக்கும். குத்தகைக்காரர் குஞ்சு வாங்கி விட்டு, காவல் போட்டு, அறுவடைக்குக் காத்திருப்பார். அந்தக் கட்லாவை நாம் விளையாட்டுக்குப் பிடிப்பது அவர் தோட்டத்தில் மாங்காய் பறிப்பதற்குச் சமம். கரையில் இருக்கும் குடிசையில் போய்க் கேளுங்கள். "அண்ணா, ஜிலேபி மட்டும் பிடிச்சுக்கறேன், கட்லா மாட்டினா விட்டுடறேன்" என்று சொன்னால் பலரும் சம்மதிப்பார்கள். ஜிலேபி அவர்கள் விட்ட குஞ்சின் தீனியைத் தின்கிற மீன். சிலர் ஒரு தொகை கேட்பார்கள், அது நியாயம்தான். முடியாது என்றால் வணக்கம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுங்கள்.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் உரிமம் பெற்ற மீனவர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள். அங்கே மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிக்காமல் கோலை மாட்டாதீர்கள். அணைக்குக் கீழே ஆற்றுக்குள் இறங்கவே வேண்டாம். வழக்கமாக ஜூன் 12-ல் பாசனத்துக்குத் திறப்பார்கள், ஆனால் நீர்வரத்தைப் பொறுத்து எந்த நாளும் தண்ணீர் கூடும். பாறை மேல் நிற்கிறவருக்கு ஓடிவர நேரம் இருக்காது. நகரத்துக்குள் திருமணிமுத்தாற்றை ஒட்டிய தண்ணீரில் சாக்கடை கலக்கிறது. அங்கே பிடித்ததைச் சாப்பிடக்கூடாது.

சரிங்க, சைக்கிளுக்கு வருவோம். கியர் இல்லாத சைக்கிள்ல ஏற்காடு ஏற முடியுமா?

தள்ளிக்கொண்டு ஏறலாம், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. மிதித்து ஏறுவதற்குக் கணக்கைப் பாருங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் மலைப்பாதை, 20 கொண்டை ஊசி வளைவு, ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் ஏற்றம். சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து ஆறு மீட்டர் உயர்கிறோம். சாதாரணச் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டரைச் சுற்று ஓடும். அந்த ஏற்றத்தில் கால் அதற்கு ஒத்துழைக்காது.

முன்னால் 34, பின்னால் 34 பல் உள்ள கியர் இருந்தால் ஒரு மிதிக்கு ஒரு சுற்று. நிமிடத்துக்கு 60 மிதி போட்டால் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வரும். அப்படிப் பார்த்தால் மேலே சேர இரண்டே முக்கால் மணி நேரம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் யாரோடும் போட்டி போடத் தோன்றாது. சைக்கிள் வாங்கும்போது பிராண்டைப் பார்ப்பதற்கு முன், பின்னால் இருக்கும் பெரிய பல் சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள்.

நேரா மலைக்கே போயிடலாமா, இல்ல வேற எங்கயாவது பழகணுமா?

ஒரு மாதம் கஞ்சமலையைச் சுற்றுங்கள். சித்தர் கோயில் பக்கம் தொடங்கி மலையைக் கையோரமாக வைத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தால் சமதளமும் சின்ன மேடுகளும் கலந்திருக்கும். அடுத்து அரூர் சாலையில் மஞ்சவாடி கணவாய். ஏற்றம் நிதானமாக வரும், சேர்வராயன் மலையை மறுபக்கத்திலிருந்து பார்க்கலாம். லாரிகள் உண்டு, ஓரத்தை விடாதீர்கள்.

நீண்ட தூரத்துக்கு ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர், சுமார் 50 கிலோமீட்டர். ஆடி மாதத்தில் போனால் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று முகத்தில் மோதும். போகும்போது கஷ்டம், திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். அதனால் ஆடியில் மேற்கே போய்த் திரும்புங்கள், கிழக்கே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அடிவாரம் ரோடா, குப்பனூர் ரோடா, எது நல்லது?

முதல்முறை அடிவாரம் வழி. வளைவுகளுக்கு எண் போட்டிருப்பதால் எவ்வளவு மீதி என்று தெரியும், உதவிக்கு ஆள் கிடைக்கும். குப்பனூர், கொட்டச்சேடு வழியில் வண்டிகள் குறைவு, நிழல் அதிகம், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போவதுபோல் இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் சாலை குறுகல், கடைகள் அரிது, பெருமழைக்குப் பிறகு மண் சரிந்து மூடிவிடுவதும் உண்டு. தண்ணீர் இரண்டு பாட்டில், பங்க்சர் சாமான், இதெல்லாம் இல்லாமல் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் இரண்டு வழியையும் விட்டுவிடுங்கள்.

எந்த மாசம், எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பொன்னான காலம். காலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் இருந்தால் எட்டரைக்கு மேலே டீ குடிக்கலாம். சேலத்தில் கொளுத்தும் ஏப்ரலிலும் மேலே ஏழெட்டு டிகிரி குறைவாகத்தான் இருக்கும், ஆனால் திரும்பி இறங்குவது அடுப்புக்குள் இறங்குவது மாதிரி.

கிளம்பும் முன் இரண்டு இட்லி, பையில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும், ஒரு பாட்டிலில் எலுமிச்சை பிழிந்து உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர். குரங்குகள் இருக்கும் வளைவுகளில் வாழைப்பழத்தை வெளியே எடுக்காதீர்கள், அவற்றுக்குப் போடவும் வேண்டாம். தீனி கிடைத்துப் பழகியதால்தான் அவை சாலைக்கு வருகின்றன, வண்டியில் அடிபடுகின்றன. பனி மூடிய காலையில் எஸ்டேட் ஓரம் காட்டெருமை நின்றால் இறங்கி, தூரத்திலேயே நின்று, அது போகும்வரை காத்திருங்கள். மணி அடிக்காதீர்கள்.

ஏறறது கஷ்டம், இறங்கறது ஈசிதானே?

என்னைக் கேட்டால் தலைகீழாகச் சொல்வேன். ஏறும்போது களைப்புதான் வரும். இறங்கும்போதுதான் ஆபத்து. முதல் வருடம் நான் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினேன். ரிம்மில் உரசும் பிரேக் அது. பாதி வழியில் ரிம் தொட முடியாத சூடு, ட்யூப் பட்டென்று வெடித்தது. நல்லவேளை, வளைவுக்கு முன்னால் நேர்ப்பாதையில் நடந்தது. அன்றிலிருந்து வளைவுக்கு முன்பே அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுவேன். பிரேக்குக்கு ஆற நேரம் கிடைக்கும். வளைவின் உள்ளே பிரேக் பிடிக்கக் கூடாது. பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும், சைக்கிள் பார்வை போகும் பக்கம்தான் போகும்.

மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. பேருந்து வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும், நீங்கள் நின்று வழி விடுங்கள். மழைத்தூறல், பழுத்த சில்வர் ஓக் இலை, சிதறிய ஜல்லி மூன்றும் வழுக்கும். மேலே வியர்த்த சட்டையோடு இறங்கினால் உடம்பு விறைத்துவிடும். ஒரு காகிதத்தைச் சட்டைக்குள் மார்பில் வைத்துக்கொண்டாலே போதும்.

எனக்கு 52 வயசு, சுகர் இருக்கு. நானெல்லாம் ஏறலாமா?

உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அவர் சரி என்றால் தாராளமாக. மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களுக்கு நீண்ட ஏற்றத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் மங்கல் தெரிந்தால் உடனே நின்று குளுக்கோஸ் அல்லது சர்க்கரை எடுங்கள். தனியாகப் போகாதீர்கள். நெஞ்சில் இறுக்கம் வந்தால் ஏறுவதை அங்கேயே விட்டுவிட்டு உதவி கேளுங்கள். மேலே சொன்ன கஞ்சமலைச் சுற்றில் மூன்று மாதம் பழகிவிட்டு, மலையில் ஐந்தாவது வளைவு வரை மட்டும் போய்த் திரும்பும் நாட்களாக ஆரம்பியுங்கள்.

என் பொண்ணு காலேஜ் படிக்கிறா, தனியா சைக்கிள்ல போகணும்ங்கறா. அனுப்பலாமாங்க?

அனுப்புங்கள், ஆனால் தனியாக வேண்டாம். ஆண் பிள்ளைக்கும் இதையேதான் சொல்வேன், மலையில் பங்க்சர் ஆனாலும் விழுந்தாலும் இரண்டாவது ஆள் வேண்டும். அவள் தோழி ஒருத்தியையும் கிளப்பி விடுங்கள். வெளிச்சம் வந்த பிறகு அடிவாரத்தைத் தாண்டட்டும், இருப்பிடத்தைக் கைபேசியில் உங்களுக்குப் பகிரட்டும். பங்க்சர் போடத் தெரிந்திருக்க வேண்டும், வாசலில் உட்கார்ந்து நீங்களும் கூடவே கற்றுக்கொள்ளலாம்.

இவ்வளவு நீளத் தூண்டிலை எப்படி சைக்கிள்ல கொண்டு போறீங்க?

நான்கு துண்டாகக் கழற்றினால் இரண்டேகால் அடிதான். பிளம்பிங் கடையில் வாங்கிய பிவிசி பைப் துண்டு, ஒரு முனையில் ஒட்டிய மூடி, இன்னொரு முனையில் திருகு மூடி, உள்ளே பழைய துண்டு. சைக்கிளின் மேல்கம்பியில் டயர் ட்யூப் ரப்பரால் கட்டிவிடுவேன். மூடியில் சின்ன ஓட்டை போடுங்கள், ஈரம் உள்ளே தங்கினால் பூஞ்சை பிடிக்கும். மாட்டிய கோலோடு சைக்கிள் ஓட்டாதீர்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். கரை மேல் போகும் மின்கம்பிக்குக் கீழே வீசவே கூடாது. கோடை மழை இடியோடு வந்தால் கோலைத் தரையில் படுக்கவைத்துவிட்டு விலகிப் போய்விடுங்கள்.

பிடிச்ச மீனைத் திரும்ப விடறீங்களே, அதை வதைக்கிறது பாவமில்லையா? ஒண்ணு சாப்பிடணும், இல்ல பிடிக்காமலே விட்டுடணும்.

இதைக் கேட்ட பெரியவரின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மீனுக்கு அது துன்பம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால் எனக்கு நானே சில வரைமுறை வைத்திருக்கிறேன். ஜிலேபியைத் திரும்ப விடுவதில்லை, வீட்டில் குழம்பாகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினாலும் விடக் கூடாது, அது நாட்டில் வளர்க்கவே தடை செய்யப்பட்ட மீன், நம் மீன்களைத் தின்று தீர்க்கிறது. தேவைக்கு நான்கு ஜிலேபி கிடைத்ததும் கோலைக் கழற்றிவிடுவேன். நாட்டுக் கெண்டை, சின்ன விரால், குத்தகைக்காரரின் கட்லா மட்டும் திரும்பப் போகும்.

விடுவதிலும் முறை உண்டு. கையை முதலில் நனைக்க வேண்டும், உலர்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும். முடிந்தால் தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றுங்கள். படம் எடுக்க வெயிலில் தூக்கிப் பிடிக்காதீர்கள். தண்ணீர் சூடானால் அதில் ஆக்ஸிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரைந்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். ஏப்ரல், மே மதியத்தில் போராடிக் களைத்த மீன் நீந்திப் போனதுபோல் தெரிந்தாலும் பிழைப்பது சந்தேகம். அந்த இரண்டு மாதம் காலை எட்டு மணிக்கு மேல் நான் வீசுவதில்லை.

ஏரியில செவப்பா குஞ்சுங்க கூட்டமா போகுது, அடியில பெரிய விரால் நிக்குது. அங்க போட்டா உடனே அடிக்குமாமே?

அடிக்கும். பசியால் அல்ல, குஞ்சுகளைக் காப்பதற்காக. விராலில் தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் நிற்கும். செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மேலே கொதிப்பதுபோல் நகர, பெற்றவை கீழே நிழலாகத் தொடரும். அந்த நேரத்தில் பெரியதைத் தூக்கினால் சில நிமிடத்தில் ஜிலேபியும் நீர்க்காகமும் குஞ்சுகளை முடித்துவிடும். ஒரு மீனைப் பிடிக்கப்போய் ஒரு தலைமுறையை அழித்ததாகும். தயவுசெய்து அங்கே போடாதீர்கள். பக்கத்தில் யாராவது போட்டால் எடுத்துச் சொல்லுங்கள். உட்கார்ந்து பாருங்கள், பார்ப்பதற்கே அது போதுமான காட்சி.

காவிரியில பெரிய மகாசீர் இருக்காமே, அதுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?

மாட்டேன். காவிரிக்கே உரிய திமில் மகாசீர் 2018-ல் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். பட்டியலில் சேர்ந்தது. ஐம்பது கிலோ வரை வளர்ந்த மீன், காவிரி வடிநிலத்தைத் தவிர உலகில் வேறு எங்கும் இயற்கையாகக் கிடையாது. மிச்சம் இருப்பவை பெரும்பாலும் காட்டுப் பகுதி ஆற்றில். தெரியாமல் எங்காவது ஒன்று மாட்டினால், மீனைத் திரும்ப விடுவது பற்றி மேலே சொன்ன முறையில் உடனே விட்டுவிட்டு, மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள்.

மலையில ஓடை நெறைய இருக்கே, காட்டுக்குள்ள நடந்து போய் தூண்டில் போடலாமா?

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகள் இன்னும் கடுமையாயின. நடக்க ஆசை என்றால் வனத்துறை 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் சேலம் பக்கத்துத் தடங்களும் உண்டு, பதிவு செய்து வழிகாட்டியோடு போங்கள். தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அந்த ஓடைகளில் இருப்பவை விரல் நீள மீன்கள், அவற்றை விட்டுவிடலாம்.

மழை பொய்ச்சு ஏரி வத்திப்போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?

சைக்கிளை எடுத்துக்கொண்டு வற்றிய ஏரிக்குத்தான் போவேன். தண்ணீர் இருக்கும்போது தெரியாத எல்லாம் அப்போதுதான் தெரியும். மதகுக்கு முன்னால் இருக்கும் பள்ளம், பழைய ஓடையின் தடம், பாறைத் திட்டு, ஜிலேபி தோண்டின வட்டக் குழிகள். காலால் அளந்து நோட்டில் வரைந்து வைப்பேன். கரையிலிருந்து எத்தனை தப்படியில் பள்ளம் என்று தெரிந்தால் ஏரி நிறைந்த பிறகு எங்கே வீசுவது என்று யோசிக்க வேண்டாம்.

மலையேறிப் பழகினதும் இங்கேதான் உதவுகிறது. சேர்வராயனில் பெய்யும் மழைதான் திருமணிமுத்தாறாகவும் சரபங்காவாகவும் வாணியாறாகவும் இறங்குகிறது. ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் கிளியூர் அருவியில் விழும். ஐப்பசியில் மேலே போய் அருவியின் சத்தத்தைக் கேட்டாலே கீழே எந்த ஏரிக்கு எப்போது தண்ணீர் வரும் என்று ஓரளவு கணிக்கலாம். கன்னங்குறிச்சி மூக்கனேரியில் 2010 வாக்கில் ஊர் மக்கள் தூர்வாரி, அந்த மண்ணையே நடுவில் திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். மலைத் தண்ணீர் வந்து சேர்ந்ததும் அந்தத் திட்டுகளில் பறவைகள் குடியேறின. இப்போது அங்கே நான் கோலை எடுப்பதில்லை, கண்ணாடியை மட்டும் மாட்டிக்கொண்டு மீன்கொத்தி எந்தக் கிளையிலிருந்து பாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வறட்சியில் வரைந்த ஒரு பக்கம் என் நோட்டில் இருக்கிறது. "மதகிலிருந்து வடக்கே 40 தப்படி, ஆலமரத்துக்கு நேர், ஆள் ஆழப் பள்ளம், ஓரத்தில் மூன்று பாறை." அடுத்த கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கோடி போனது. தை மாதத்தில் ஒரு காலை, ஆலமரத்துக்கு நேராக நின்று, செருப்பு ரப்பர் ஃபிளையை அந்த இடத்தில் வைத்தேன். இரண்டாவது இழுப்பிலேயே விரால் அடித்தது.